இருபத்து நான்கு மில்லிமீட்டர்

இடது கையை எக்ஸ்ரே தகட்டின்மேல் பரப்பி வைத்துக்கொண்டே அந்தச் சிறுமி சொன்னாள்: “பதினெட்டுன்னு எழுதிடுங்க, டாக்டரம்மா.”

“ஏம்மா, வயசு என்ன நான் போடுற மார்க்கா?” என்றார் டாக்டர். “கையை ஆட்டாதே.”

கை ஆடவில்லை. பாத்திரம் துலக்கித் துலக்கி நகக்கண் வெளுத்த கை.

மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து வயதைச் சொல்வது டாக்டரின் வேலை. ஸ்கேலை வைக்காமல் வாயைத் திறக்கமாட்டார் என்று முப்பத்தோராண்டாகப் பெயர் எடுத்தவர்.

சிறுமியிடம் பிறப்புச் சான்று இல்லை. அவள் இரண்டாண்டாக வேலை செய்த வீட்டின் எஜமானி, பத்தொன்பது வயது என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

பதினெட்டு நிரம்பியிருந்தால் சிறுமி தன் விருப்பப்படி இருக்கலாம். நிரம்பவில்லை என்றால் தாயிடம் ஒப்படைக்கப்படுவாள். தாய் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

எஜமானி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று டாக்டர் எண்ணிக்கொண்டார். கிளிப்பிள்ளைப் பேச்சை அவர் எத்தனையோ கேட்டிருக்கிறார்.

படம் வந்தது. எலும்பு வளரும் விளிம்பு இன்னும் மூடவில்லை. வயது பதினான்கு. பதினெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

படத்தில் வேறொன்றும் இருந்தது. முன்கை எலும்பின் குறுக்கே, கூரிய பென்சிலால் இழுத்தாற்போல மூன்று வெள்ளைக் கோடுகள்.

எலும்பு இரவு பகல் பாராமல் தன் போக்கில் வளர்ந்துகொண்டே இருப்பது. பட்டினியோ கடும் நோயோ வந்தால் நின்றுவிடும். மறுபடி வளரத் தொடங்கும்போது, நின்ற இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுத்தான் நகரும்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணு தடவை வளர்ச்சியே நின்னிருக்கு,” என்று குழந்தைகள் நல அலுவலரிடம் விரலால் தொட்டுக் காட்டினார். “வயித்துக்குப் போடாம வேலை வாங்கியிருக்கா அந்த மகராசி.”

“அடிப்பாவி!” என்றாள் அலுவலர். கோப்பைத் திறந்து மளமளவென்று எழுதிக்கொண்டாள். “எலும்பு எல்லாத்தையும் சொல்லிடுதே டாக்டர்! என் கையை மட்டும் படம் எடுத்துடாதீங்க. ஆபீஸ்ல நான் சொல்லி வெச்சிருக்கிற வயசு வேற.”

டாக்டர் படிவத்தில் பதினான்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிக் கையொப்பமிட்டார்.

வெளியே தாய் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். “எம்புள்ளைய எங்கிட்டயே குடுத்துட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்.”

சிறுமி கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். இத்தனை பேர் நடுவில் கூச்சம் இருக்கத்தானே செய்யும் என்று டாக்டர் உள்ளே திரும்பினார்.

பிற்பகலில், வழக்கப்படி தம்முடைய பதிவேட்டில் குறிப்பதற்காகப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, ஸ்கேலை வைத்தார்.

வளரும் விளிம்பிலிருந்து கடைசிக் கோடு வரை இருபத்து நான்கு மில்லிமீட்டர்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் அளந்தார். இருபத்து நான்கு.

இந்த வயதில் அந்த இடத்தில் எலும்பு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும்.

சிறுமி அந்த வீட்டுக்குப் போய் இரண்டு ஆண்டு. கடைசிக் கோடு அதற்கும் முந்தையது. மற்ற இரண்டும் இன்னும் பழையவை. மூன்றும் தாயிடம் இருந்தபோது விழுந்தவை.

வேலைக்குப் போன நாளிலிருந்து வளர்ந்த எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டர் தொலைபேசியை எடுத்தார். இரண்டு முறை தவறான எண்ணை அழுத்திவிட்டு, மூன்றாம் முறை அலுவலரைப் பிடித்தார்.

“அந்தப் பொண்ணு எங்கே?”

“அப்பவே அம்மாவோட பஸ் ஏறியாச்சு டாக்டர். ஏன், வயசுல ஏதாவது தப்பா?”

“இல்லை. வயசு சரிதான். அந்தக் கோடு...”

“அதை விடுவேனா? நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதிட்டேன்,” என்றாள் அலுவலர். “இல்லைன்னா அம்மா வீடு எப்படின்னு விசாரிச்சு அனுப்ப ஒரு மாசம் ஆகியிருக்கும். அந்தக் கோட்டைக் காட்டித்தான் இன்னிக்கே அனுப்ப உத்தரவு வாங்கினேன்.”