கூப்பிட்ட குரலுக்கு

ஷகீலா ஹெட்ஃபோனை முக்காட்டின் மேலேயே மாட்டிக்கொண்டாள்.

துணி காதை மறைக்கிறதே, சரியாகக் கேட்காதே என்று சொல்ல ஜெஃப்ரிக்கு வாய் வரவில்லை. கேட்காமல் போனால் அவனுக்கு நல்லதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் அம்மா ரெனிட்டா பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாரையாவது பிடித்து நிறுத்தியிருப்பாள். வர இன்னும் அரை மணியாகும். அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாம் மாடி ஷகீலா மூன்றாம் மாடிக்கு ஏறி வந்திருந்தாள். விவரமானவள்.

"நீ செஞ்ச கேமை எனக்குந்தான் காட்டேன்டா. ஊரே பாத்து அலறுதாமே!"

நல்ல வேலையை உதறிவிட்டு இரண்டு வருஷம் அறைக்குள் அடைந்து கிடந்து ஜெஃப்ரி ஒற்றை ஆளாகச் செய்த விளையாட்டு அது. கச்சேரி ரோட்டில் பிறந்து வளர்ந்தவன், வரப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. செய்தது என்னவோ விவசாயம். பகலெல்லாம் கத்தரி நட வேண்டும், தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பொழுது சாய்ந்தால் வயல் நடுவில் இருக்கும் கிணற்றுக்குள்ளிருந்து ஒருத்தி கூப்பிடுவாள். ஏன் என்று கேட்டீர்களோ, தீர்ந்தது. மறுநாள் வயலில் உங்கள் கால்தடம் மட்டும் இருக்கும்.

முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே, பேயாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அதைக் கிணற்றில் இறக்கிப் பேர் வாங்கலாம் என்று இவனுக்குத்தான் தோன்றியது.

கத்தரியும் சொந்தச் சரக்கில்லை. ஷகீலாவின் கணவர் இனாயத், மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் மண்ணை நிரப்பி மொட்டை மாடியில் வளர்த்தது. இலைக்கு இலை பார்த்து வரைந்துகொண்டான். அதையாவது அவரிடம் கேட்டுச் செய்தான்.

குரலுக்கு யாரையும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் இனாயத் செடிக்குத் தண்ணீர் விட மேலே போவார். ஷகீலா இரண்டாம் மாடிப் படியில் நின்று அண்ணாந்து ஒரு குரல் கொடுப்பாள். தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்கும் குரல். ஒருநாள் மாடியில் இலை வரைந்துகொண்டிருந்த ஜெஃப்ரி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனை வைத்து அதைப் பதிவு செய்துவிட்டான்.

'என்னாங்க... டீ ஆறுது... கீழ வாங்க...'

அதைக் கிணற்றுக்குள் போட்டுக் கொஞ்சம் எதிரொலி சேர்த்ததும், செய்தவனுக்கே முதுகுத்தண்டு சில்லிட்டது.

போன ரம்ஜானுக்குப் பத்து நாள் முன்னால் இனாயத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பெட்டிகளில் கத்தரி காய்ந்தது. மூன்று மாதம் கழித்து விளையாட்டு வெளியானது. நடுவில் குரலை மாற்ற நேரமிருந்தது. இரண்டு நாள் வேலை. அவன் மாற்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டாம் மாடியைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி இறங்கினான். ஷகீலாவின் மகள் இஃப்ராவுக்குத் தூது விடுகிறான் போலிருக்கிறது என்று கீழ்வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசுகிற வாயை யார் மூடுவது?

இப்போது திரையில் சூரியன் இறங்கியது.

கிணறு கூப்பிட்டது.

ஷகீலாவின் உதடு கூடவே அசைந்தது. ஜெஃப்ரி நான்கு வரி மன்னிப்பு தயாராக வைத்திருந்தான். நடுவில் அறை விழுந்தாலும் மிச்ச இரண்டு வரியைச் சொல்லிவிடுவது என்று முடிவு.

கிணறு மறுபடியும் கூப்பிட்டது. மறுபடியும். விடியும்வரை கூப்பிடும், அப்படித்தான் செய்து வைத்திருந்தான்.

ஒவ்வொரு தரமும் ஷகீலா தலையைச் சாய்த்து எதற்கோ காத்திருந்தாள். அப்புறம் ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"என் குரல்னு இஃப்ரா எப்பவோ சொல்லிட்டா. அது போவட்டும்."

"ஆன்ட்டி, ஸாரி, நான் வந்து..."

"இருடா. நான் கூப்பிட்டா மேலேர்ந்து 'இதோ வந்துட்டேன்'னு சொல்வாரே? ஒருநாளும் என்னை ரெண்டாந்தரம் கூப்பிட வெச்சதில்ல மனுஷன். போன்ல ஒரு குரல்கூட எடுத்து வெக்காம உட்டுட்டோம். இதுல எப்ப வரும் அது?"

மனப்பாடம் செய்த நான்கு வரியும் ஜெஃப்ரிக்கு மறந்துபோனது.

போன் இருந்தது மாடியில். கூப்பிட்டவள் தூரத்தில்; பதில் சொன்னவர் பத்தடியில். அன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவள் குரல் சின்ன அலை. அதையடுத்து அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு அலை. லேசான இருமல், வாளியைக் கீழே வைக்கும் சத்தம், இரண்டு வார்த்தை.

பேய்க்கு யாராவது பதில் சொல்வார்களா? இரைச்சல் என்று வெட்டி எறிந்தான். போனில் இடமில்லை என்று மூலப் பதிவையும் அன்றைக்கே அழித்துவிட்டான்.

"வரும் ஆன்ட்டி," என்றான். "கொஞ்ச நேரம் ஆகும்."

ஷகீலா காலை மடக்கிச் சௌகரியமாக உட்கார்ந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.