அழிக்கிற பட்டன்

"பேரைச் சொல்லு சுபாஷ். வேலையாவது மிஞ்சும்."

லேபர் காண்டிராக்டர் சென்னகிருஷ்ணன் கட்டிலில் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் கம்பெனி எச்.ஆர். அதிகாரி சுரேந்தர். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த சுபாஷ், கலைந்த தலையோடு சுவரோரம் நின்றான். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. அவன் மனைவி பூங்கொடி வாசற்படியில் நின்றாள்.

அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேன் அதைப் பார்த்துச் சுற்றியது.

"இதுதானா அந்தப் பெட்டி?" என்றார் காண்டிராக்டர்.

"அதேதாங்க. எனக்கு இல்லாத காத்து அதுக்கு," என்றாள் பூங்கொடி.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன் சுபாஷ். ஒரு வருஷமாகப் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வலைப்பதிவுக்கென்று தானே எழுதிய பிளாக் மென்பொருள் அந்தப் பெட்டியில்தான் ஓடியது. முதலில் அவன் மட்டும் எழுதினான். கேன்டீன் சாம்பாரைப் பற்றி, பஸ்ஸில் தூங்கி சூளகிரி வரை போய்விட்டதைப் பற்றி. பிறகு, யார் வேண்டுமானாலும் பேர் போடாமல் எழுத ஒரு பக்கம் சேர்த்தான். பல மாதம் அதை ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. போன வாரம் யாரோ எழுதினார்கள்.

பிரஸ் மெஷினில் தொழிலாளி நல்லுசாமிக்கு விரல் போனது அவர் கவனக்குறைவால் அல்ல. உள்ளே கை இருந்தால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று கம்பெனியே கழற்றி வைத்திருந்தது. இதுதான் அந்தப் பதிவு. மூன்று ஷிப்டும் படித்துவிட்டது. நல்லுசாமியின் நஷ்டஈடு விஷயமாகத் திங்கட்கிழமை லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"முதல்ல அதை அழி," என்றார் காண்டிராக்டர்.

"அழிக்கிற பட்டன் வைக்கலீங்க."

"எவனாவது பட்டன் இல்லாம செய்வானா?"

"நான் செஞ்சது. எனக்கு வேணும்னு தோணல."

காண்டிராக்டர் எழுந்து பிளக்கைப் பார்த்தார். "பிடுங்கி எறிஞ்சா?"

"தினமும்தான் கரண்டு போவுது. வந்தா மறுபடி ஓடும். காப்பி வேற எடத்துல இருக்குது."

"அதைத் தொடாதீங்க," என்றார் சுரேந்தர். "கேஸ் நம்ம மேல திரும்பும்." பிறகு சுபாஷிடம், "யார் எழுதினதுன்னு நிஜமாவே உனக்கே தெரியாதா?" என்றார்.

"தெரியாது சார்."

"எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து வந்ததுன்னுகூடவா?"

"அதையும் பதிவு பண்ணாத மாதிரிதான் எழுதியிருக்கேன். இல்லன்னா ஓசி பிளாக் போதாதா? இதுக்குன்னு நான் ஏன் கண்ணு முழிக்கணும்?"

"போலீஸ் வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போனா?"

"பெட்டிதான் போகும். பேரு கிடைக்காது."

சுரேந்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

காண்டிராக்டரின் குரல் திடீரென்று இனித்தது. "இத பாரு தம்பி. நல்லுசாமிதான் எழுதினான். நீ ஆமான்னு தலையை ஆட்டு, போதும். உன்னைப் பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு."

"விரல் போன மனுசன் டைப் அடிச்சாராக்கும்," என்றாள் பூங்கொடி.

ஆனால் பர்மனென்ட் என்ற சொல் அறையை விட்டுப் போகவில்லை. பூங்கொடி சுபாஷின் முகத்தைப் பார்த்தாள். அவன் நல்லுசாமியை நினைத்தான். கட்டுப் போட்ட கையை மடியில் ஒளித்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆள். தலையை ஒருமுறை ஆட்டினால் அந்த ஆளுக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றான்.

"சரி, கிடக்கட்டும் விடு." காண்டிராக்டர் சிரித்தார். "எழுதினவன் முட்டாள். நல்லுசாமி வேலை செஞ்சது நாலாவது பிரஸ்ஸுல. இவன் மூணாவது பிரஸ்ல சென்சார் இல்லன்னு எழுதியிருக்கான். மூணுல சென்சார் ஜம்முன்னு இருக்குது. இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். மொத்தமும் பொய்யின்னு ஆயிடும்."

அந்த மூன்றை சுபாஷும் பார்த்திருந்தான். மூன்று நாளாக அது அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

"அதை நீயே மாத்தலாமே?" என்றார் சுரேந்தர்.

"அடுத்தவங்க எழுத்துல நான் கை வைக்கிறதில்ல சார். இன்னைக்கு நல்லதுக்குன்னு மாத்துவேன். நாளைக்கு இவரு மிரட்டுறாருன்னு மாத்துவேன். அப்புறம் எவன் நம்பி எழுதுவான்?"

"அப்போ யார் சொன்னா மாத்துவே?"

"எழுதினவங்க வந்து சொன்னா மாத்துவேன்."

"வந்தான் பாரு, உன் வீட்டைத் தேடி!" காண்டிராக்டர் செருப்பை மாட்டினார். "நாளையிலிருந்து கேட்டுப் பக்கம் வராதே. கார்டை வாங்கிக்கிட்டு வாங்க சார், நான் ஜீப்பை எடுக்கறேன்."

சுபாஷ் ஆணியில் தொங்கிய அடையாள அட்டையை எடுத்து சுரேந்தரிடம் நீட்டினான். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

தெருமுனையில் ஜீப் உறுமியது.

சுரேந்தர் நிமிராமலே சொன்னார்:

"மூணை நாலுன்னு மாத்திடு சுபாஷ். அவசரத்துல தப்பா அடிச்சுட்டேன்."