எப்பவும்னு எழுதுங்க

சமரசம் பேச வந்த சந்தியா கேட்ட கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள், இருசம்மாளைத் தவிர.

இந்த வாரம் உங்களுக்குச் சந்தோஷம் தந்த ஒரு விஷயம் என்ன? அவ்வளவுதான் கேள்வி. பஞ்சாயத்து அலுவலகக் கூடத்தில் ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு முன்னால் மனசு இளக வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஊர்ப் பெரிய விவசாயி கண்ணாயிரம், தன் மாடு கிடாரிக் கன்று போட்டதைச் சொன்னார். காலனி முனியன், மழை பெய்ததைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எதுனா ஒண்ணு இருக்குமில்ல?"

"நல்லாத்தாங்க இருக்கேன்" என்றாள், காலனிக்காகப் பேச வந்திருந்த இருசம்மாள்.

சந்தியா விடவில்லை. கேலி பேசிப் பேசி, அந்த அம்மாள் லேசாகச் சிரித்த பிறகுதான் விட்டாள்.

விவகாரம் சுடுகாட்டுப் பாதை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியின் சுடுகாடு. அதற்கு இருந்த ஒரே வழி, கண்ணாயிரத்தின் மரவள்ளிக் காட்டு வரப்பு. அதை அடைத்து அவர் கம்பி வேலி போட்டதிலிருந்து அடிதடி, கல்வீச்சு, போலீஸ். இரண்டு தெருவுக்கும் மாறி மாறி நடந்து, கெஞ்சி, இன்றைக்குத்தான் சந்தியா இவர்களை ஒன்றாக உட்கார வைத்திருந்தாள்.

நண்பகலுக்குள் கண்ணாயிரம் இறங்கி வந்தார்.

"ஆத்திர அவசரத்துக்குப் போய்க்கட்டும். நான் இன்னா மனுசன் இல்லியா?"

கூடமே தலையாட்டியது.

"எப்பவும்னு எழுதுங்க" என்றாள் இருசம்மாள்.

"அதான் சொல்றேனேம்மா."

"எப்பவும்னு எழுதுங்க."

சந்தியாவுக்கு எரிச்சலாக வந்தது. கனிந்து வருகிற நேரத்தில் இந்த அம்மாள் காரியத்தைக் கெடுத்துவிடுவாள் போலிருந்தது. போதாக்குறைக்கு வந்ததிலிருந்து மடியிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியா அதை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"கொஞ்சம் இங்க கவனமா இருங்கம்மா."

இருசம்மாள் போனை விட்டுக்கொடுத்தாள். ஆனால் 'எப்பவும்' என்ற சொல்லை விடவில்லை.

கடைசியில் கண்ணாயிரம் கையை உதறினார். "சரி, எழுதிக்கோம்மா."

எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கைதட்டினார்கள். சந்தியா இருசம்மாளையும் கண்ணாயிரத்தையும் நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்து, அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள்.

இருசம்மாள் மேசைக்குப் போய்த் தன் போனை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"எழிலு, கையெழுத்து ஆயிடுச்சு. இனிமே அழலாம்."

சற்று நேரத்தில் காலனிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. அதன்மேல் பல குரல்கள். பின்னாலேயே சாவு மேளம்.

முனியன்தான் சொன்னார். இருசம்மாளின் புருஷன் சின்னதுரை விடியற்காலையில் செத்துப்போயிருந்தான். சத்தம் ஊருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று காலனியே வாயில் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இருசம்மாள் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் அவளும் வந்துவிட்டாள்.

கண்ணாயிரம் எழுந்து நின்றுவிட்டார்.

"வூட்ல இப்படி வெச்சிக்கினு இங்க வந்து குந்திக்கினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வழி வுட்டிருக்க மாட்டனா?"

"வுட்டிருப்பீங்க ஐயா. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

அவர் வேலியை அறுக்க ஆளைத் தேடிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

சந்தியா இருசம்மாளின் பக்கத்தில் போய் நின்றாள். கையைப் பிடிக்கக்கூட அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை.

சந்தியாவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கைதட்டல் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இருசம்மாளின் கண்ணில் பட்டுவிடாமல் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.