கைராசிக்காரன் வீட்டுப் புழுக்கள்

நேற்று மாலை பதினேழு இருந்தன. இன்று காலை ஒன்றுகூட இல்லை.

அவள் மறுபடியும் முட்டி போட்டு உட்கார்ந்து, தட்டிலிருந்த தவிட்டை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தாள். மஞ்சள் புழுக்கள் கேரட் துண்டைச் சுற்றி வழக்கம்போல நெளிந்துகொண்டிருந்தன. வெள்ளையாகச் சுருண்டு கிடந்தவற்றைத்தான் காணோம்.

எட்டு நாளாக இதே கதை.

"வெள்ளையா அசையாம கிடந்தா, செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாத. அது கூட்டுப்புழு. அப்படியே விட்டுடு, தானா வண்டாகும். எல்லாம் என் கைராசி" என்று சொல்லிவிட்டுத்தான் கணவன் ஊருக்குக் கிளம்பினான்.

அச்சக வேலையை உதறிவிட்டு, வீட்டின் பின்னறையில் மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டு மாவுப்புழு வளர்க்கிறவன் அவன். பறவைக்கும் மீனுக்கும் தீனி. நாளைக்கு ஒரு பெரிய பறவைப் பண்ணைக்காரரைக் கையோடு அழைத்து வருகிறான். தட்டுகள் அவருக்குப் பிடித்துப்போனால் பிழைப்புக்கு வழி. இல்லாவிட்டால் பழைய அச்சகத்து வாசலில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

வண்டு இல்லையென்றால் முட்டை இல்லை. முட்டை இல்லையென்றால் புழு ஏது?

கல்யாணமான ஐந்து மாதத்தில் அவன் அவளை நம்பி விட்டுப்போன முதல் பொருள் இது.

பல்லியாக இருக்குமோ என்றால், தட்டின்மேல் வலை. எறும்பாக இருக்குமோ என்றால், மேசையின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில். எலியாகத்தான் இருக்க வேண்டும் என்று நேற்று தரையெல்லாம் முகப்பவுடரைத் தூவி வைத்தாள்.

காலையில் கால்தடம் இல்லை. பவுடரும் இல்லை. தரை பளிச்சென்று இருந்தது.

எந்த ஊர் எலி தரையைத் துடைத்துவிட்டுப் போகும்?

இதைவிடத் தலையைச் சுற்ற வைத்தது மூன்றாவது தட்டு. கறுப்பு வண்டுகள் இருக்கும் தட்டு அது. அதில் தினமும் காலையில் இரண்டு மூன்று இளம் வண்டுகள், இன்னும் நிறம் ஏறாமல், வெளிர் பழுப்பில் ஊர்ந்துகொண்டிருந்தன. கூட்டுப்புழு காணாமல் போகிறது. வண்டு மட்டும் வானத்திலிருந்து குதிக்கிறதா?

தனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்றுகூட நினைத்தாள். அத்தையிடம் கேட்கலாமென்றால், மகன் வேலையை விட்ட நாளிலிருந்து அத்தை இந்தப் பின்னறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முந்தாநாள் சமையலறையில் மருந்து ஊற்றும் சின்ன ஸ்பூன் காணவில்லை என்றபோதும், "ஏம்மா, அதையும் உன் வீட்டுக்காரனோட புழு தின்னுடுச்சா?" என்றுதான் கேட்டாள்.

"ஏம்மா!" குளியலறையிலிருந்து அத்தையின் குரல். "துண்டை மறந்துட்டேன். என் அலமாரியில மேலாப்புல இருக்கும், எடுத்துக் குடு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். குழப்பத்தில் மேலே இருந்ததை எடுக்காமல், அடியிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். அடுக்கு மொத்தமும் சரிந்தது.

பின்னால் ஒரு செருப்புப் பெட்டி. மூடியில் ஊசியால் குத்திய துளைகள்.

திறந்தாள்.

சலித்த தவிடு. அதன்மேல் முட்டை அட்டையின் ஒரு துண்டு. ஒவ்வொரு குழியிலும் இரண்டு மூன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல், வெள்ளைக் கூட்டுப்புழுக்கள். ஓரத்துக் குழிகளில் புதிதாக வந்து சேர்ந்தவை மட்டும் சரியாகப் பதினேழு.

பக்கத்தில் மருந்து ஸ்பூன்.

மூடியின் உட்புறம் பென்சிலால் தேதிகள். முதல் தேதி அவள் கல்யாணத்துக்கும் ஏழு மாதம் முந்தையது.

"ஒரு துண்டு எடுக்க இவ்ளோ நேர..."

அத்தை கதவருகில் நின்றாள். நைட்டி தோளெல்லாம் ஈரம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு வந்து, பெட்டியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணா கிடந்தா மத்த புழுவெல்லாம் இதைக் கடிச்சுத் தின்னுடும். இது பாவம், நகரக்கூட முடியாது." குரல் தாழ்ந்தது. "அவன்கிட்ட சொல்லிடாத. கைராசின்னு நினைச்சிட்டு இருக்கான்."

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த துண்டை அத்தையின் தலையில் சுற்றிவிட்டாள்.

கூடத்தில் போன் அடித்தது. அவன்தான்.

"பண்ணைக்காரர் நாளைக்குக் காலையிலயே வர்றார். தட்டெல்லாம் எப்படி இருக்கு? வண்டு வந்திருக்கா?"

அவள் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வராம? உங்க கைராசிக்கு என்ன குறைச்சல்!"

மறுமுனையில் அவன் பெருமையாகச் சிரிப்பது கூடம் முழுக்கக் கேட்டது.

"அந்த அசிங்கத்தையெல்லாம் எப்பத்தான் தூக்கி வெளிய கொட்டப் போறான்னு கேளு!" போனுக்குக் கேட்கும்படியே கத்தினாள் அத்தை.

கத்திக்கொண்டே, அன்று காலை கூடு விட்டிருந்த ஒரு வண்டை ஸ்பூனில் ஏந்தி, அது கீழே விழாதபடி மறு கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, பின்னறையை நோக்கி அடிமேல் அடி வைத்து நடந்தாள்.