பதினொரு ஸ்பூன்கள்

பதினொரு ஸ்பூன்களும் மேசை நடுவில் குவிந்து கிடந்தன. பதினொரு பிள்ளைகளும் மசித்த உருளைக்கிழங்கைக் கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன கூத்து, மதாம் அம்புஜம்?" என்றாள் ஜினெட். பிரெஞ்சு பேசும் லாசால் ஊரில் அந்தக் குழந்தைகள் காப்பகத்தை நடத்துபவள். "மூணு நாளா இப்படித்தான். பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அம்புஜம் வாரத்துக்கு ஒருநாள் வந்து பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள். பாட்டு, படம், கூடவே கொஞ்சம் நம் ஊர்ச் சமாசாரம். கோலம், காவடி, வாழையிலை போட்ட கல்யாணப் பந்தி. ஆல்பத்தைப் பிரித்தால் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும்.

அவள் கண் ஜென்சியைத் தேடியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதமே ஆன ஐந்து வயசுக்காரி. போன வாரம் அவள் ஒருத்திதான் சோற்றைக் கையால் பிசைந்தாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பிற்று. அம்புஜம்தான் ஓடிப்போய்க் காதோடு காதாக, "இங்கே இப்படிச் சாப்பிடக் கூடாதும்மா, சிரிப்பாங்க. பயப்படாதே, நான் சொல்லித் தரேன்" என்று விரல்களைத் துடைத்து ஸ்பூனைக் கொடுத்தாள்.

அதன்பின் குழந்தை ஒரு வாய் சாப்பிடவில்லை. மறுநாள் அம்மா றோசா போனில் அழுதாள். "பிள்ளை இண்டைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லை மிஸ். பட்டினியோடதான் வந்தது."

போதாததற்கு இப்போது பத்துப் பேரும் சேர்ந்துகொண்டு கேலி வேறா!

"மாத்யூ! ஜென்சியைக் கிண்டல் பண்றீங்களா?"

மாத்யூ விழித்தான். பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னான்: "இல்லியே மிஸ். நீங்க காட்டின போட்டோவுல எல்லாரும் இப்படித்தானே சாப்பிட்டாங்க? ஜென்சிக்கு நல்லாத் தெரியுது. அதான் அவகிட்ட கத்துக்கறோம். கட்டைவிரலால தள்ளணுமாம். எனக்குத்தான் இன்னும் வரலை."

ஜென்சியின் தட்டைப் பார்த்தாள் அம்புஜம். துடைத்து வைத்தாற்போலக் காலி.

பக்கத்தில் உட்கார்ந்து தன் டிபன் டப்பாவைத் திறந்தாள். மாத்யூ எட்டிப் பார்த்தான். தயிர்சாதத்தில் நட்டு வைத்தாற்போல ஒரு ஸ்பூன்.

"மிஸ், உங்களுக்கும் வராதா?"

மேசையே கொல்லென்று சிரித்தது. ஜென்சி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். ஸ்பூனை மெல்ல உருவி எடுத்துவிட்டு, அம்புஜத்தின் காதோடு காதாகச் சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ மிஸ். நான் சொல்லித் தாறன்."