இரண்டு சென்டிமீட்டர்

விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பு என்ன ஆகும் என்று ஆராய்வதற்காக, தலைமாடு தாழ்ந்து கால்மாடு உயர்ந்த கட்டிலில் அறுபது நாள் படுத்தே கிடந்தான் சகாயம். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடிதான். கடைசி நாள் காலையில் டாக்டர் நஸ்ரின் டேப் வைத்து அளந்துவிட்டு, "முதுகெலும்பு நீண்டிருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் வளந்துட்டீங்க," என்றார். சகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா எழுந்து நடமாடுனா சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆயிடுவீங்க."

"அப்ப என் வீட்டுக்காரி வர்ற வரைக்கும் என்னை எழுப்பாதீங்க டாக்டர்."

கல்யாண போட்டோவிலேயே அவனும் செல்வராணியும் ஒரே உயரம். அவளைவிட ஒரு விரற்கடையாவது உயர்ந்து நின்றுவிட வேண்டும் என்பது அவனுடைய இருபது வருட ஆசை. பதினோரு மணிக்கு அவள் வந்தாள். இரண்டு நர்ஸுகள் தாங்கிப் பிடிக்க, அவன் மெல்ல எழுந்து நின்றான். தலை சுற்றியது. ஆனாலும் அவன் கண் அவள் கண்ணைவிட மேலே இருந்தது.

"ரெண்டு சென்டிமீட்டர் வளந்திருக்கேன் ராணி."

"நெசமாவாங்க?" அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. இனிமே நானும் நிமிந்து நிக்கலாம்."

இத்தனை வருடமாகக் கூனியே நின்ற முதுகை நெட்டி முறித்து நிமிர்த்தினாள். நிமிர நிமிர வளர்ந்துகொண்டே போனாள். நர்ஸுகளின் தோளைப் பிடித்தபடி சகாயம் அவளை அண்ணாந்து பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர், அந்த டேப்பைக் கொஞ்சம் இவகிட்டயும் கொண்டாங்க," என்றான்.