கால் மணி நேர வேலை

மூத்த மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய கையோடு, பூட்டுக்கடைக்காரர் வாசல் கதவின் பூட்டைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

தொழில் தெரிந்த அப்பாக்களுக்கு இது ஒரு வசதி. மற்ற அப்பாக்கள் "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று வாயால் சொல்வதோடு சரி. இவர் ஸ்க்ரூ டிரைவரால் சொன்னார்.

அவள் செய்த குற்றம், வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லாதது. உள்ளூரில் ஒரு கல்லூரி சும்மா நிற்கும்போது அதற்கு மேல் ஆசைப்படுகிற பெண்ணை வேறு என்னதான் செய்வது?

"இப்படித்தான் இருக்கணும் தம்பி," என்றாள் அத்தை. பூட்டுக்கடைக்காரரின் அக்கா. இந்த வீட்டில் தன் யோசனை இல்லாமல் ஒரு சண்டைகூட நடந்துவிடக் கூடாது என்று ஒரு வாரமாக வந்து தங்கியிருப்பவள். "போறவ சாவியையும் கொண்டு போயிருக்கா பாரு. எவ்வளவு திமிரு."

அவர் மனைவியிடம் கை நீட்டினார். "உன்னோட பழைய சாவியைக் குடு."

"அதான் பூட்டையே மாத்தறீங்களே. அது எதுக்கு?"

"எது திறக்கக் கூடாதுன்னு தெரிய வேண்டாமா?"

மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

வாடிக்கையாளர் வீட்டில் கால் மணி நேரத்தில் முடிக்கிற வேலை, சொந்த வீட்டில் ரெண்டு மணி நேரம் இழுத்தது. புதுப் பூட்டின் வயிற்றைப் பிரித்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, அரத்தால் என்னவோ ராவிக்கொண்டே இருந்தார்.

"ஆத்திரத்துல கை ஓடலை, பாவம்," என்று அத்தை விளக்கம் சொன்னாள்.

இத்தனைக்கும் ஒரே பூட்டைக் குமாஸ்தா சாவியும் திறக்கும், மேனேஜர் சாவியும் திறக்கும் என்கிற மாதிரி ஆபீஸ் பூட்டுகள் செய்து கொடுக்கிற கை அது. அவ்வளவு கைத்திறனும் கடைசியில் பெற்ற பெண்ணை வெளியே நிறுத்தத்தான் உதவியது.

வேலை முடிந்ததும் பழைய சாவி, முன்னறையில் இருக்கும் கடையின் கழிவு டப்பாவுக்குப் போனது. அத்தை போனை எடுத்து ரயிலில் போய்க்கொண்டிருந்தவளிடம் சொன்னாள்: "பூட்டை மாத்தியாச்சு. உன் சாவியைத் தூக்கி எறிஞ்சுடு." நல்ல செய்தி தாமதமாகக் கூடாதல்லவா?

இத்தனையையும் இரண்டாவது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வயது ஏழு. வீட்டில் எல்லோருக்கும் வாண்டு.

போகும்போது அக்கா அவள் காதில் சொல்லியிருந்தாள். "லீவு விட்டதும் வந்துடுவேன். எங்கிட்டதான் சாவி இருக்கே. நீ தூங்கிட்டிருந்தாக்கூட நானே திறந்து வந்து கிச்சுகிச்சு மூட்டுவேன்."

மறுநாள் காலையிலிருந்து வாண்டு கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் போக மாட்டாளாம்.

"அக்கா வந்தா யாரு திறக்கறது?"

"அவ ஏன் வரப்போறா?" என்றாள் அத்தை.

"வருவா. சாவி போட்டுப் பாப்பா. திறக்காது. திரும்பிப் போயிடுவா."

"ஒரு பொம்மை வாங்கிக் குடுங்க. ரெண்டு நாள்ல மறந்துடும்." அத்தை மருந்து எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அப்பாவே வந்து நின்றார். "எந்திரி. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"அக்கா என்னத்தைத் திருடினா?"

"என்ன கேள்வி இது?"

"பூட்டு திருடனுக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பாவுக்குத் திடீரென்று கடையில் அவசர வேலை வந்துவிட்டது.

சனிக்கிழமை, அவர் அசந்த நேரம் பார்த்து வாண்டு கழிவு டப்பாவைத் துழாவினாள். பழைய சாவியையும் ஒரு சின்ன அரத்தையும் பாவாடையில் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பழைய சாவியை ராவிப் புதுச் சாவி ஆக்கி, அக்காவுக்குத் தபாலில் அனுப்புவது திட்டம்.

ஆனால் அப்பாவின் கடையில் ஒரு விதி உண்டு. ராவுகிறதுக்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்.

போட்டுப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் கடையில் நின்று அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, நீங்க பூட்டைத் தப்பா மாத்திட்டீங்க. பழைய சாவியும் திறக்குது."

அப்பா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கூடத்தில் அத்தை, பெண்களைக் கண்டித்து வளர்ப்பது பற்றி யாருக்கோ போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"தப்பாவா?" என்றார், குரலைத் தாழ்த்தி. தொழிலைக் குறை சொல்லிவிட்ட ரோஷம் முகத்தில் தெரிந்தது. "ரெண்டு மணி நேரம் மெனக்கெட்டிருக்கேன்."

வாண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வந்து போட்டுப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

"அத்தைதான் தூக்கி எறியச் சொல்லிட்டாங்களே. எறிஞ்சிருந்தா?"

பூட்டுக்கடைக்காரரின் கையில் இருந்த அரம் நின்றது. ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் வழி கண்டுபிடிக்கிறவருக்கு இது மட்டும் தோன்றியிருக்கவில்லை.

போனை எடுத்து, எண்ணைத் தேடாமலே அழுத்தி, வாண்டுவின் காதில் வைத்தார்.

"சாவியைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியதும் அவசரமாகக் குனிந்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதே. அப்பா இன்னும் கோபமாத்தான் இருக்காருன்னு சொல்லு."